குடிக்காமல் சுமந்த தண்ணீர்

மலையோடு எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. தூரத்தில் தெரிந்தால் பார்ப்பேன். பஸ் ஜன்னலுக்கு நேராக வந்தால் போட்டோகூட எடுப்பேன். அதன் மேல் ஏறி, ஒரு ராத்திரி பாறையில் படுத்து, காலையில் சூரியன் வருவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு இறங்கி வர வேண்டும் என்கிற ஆசைதான் எனக்குப் புரிவதில்லை. சூரியன் பெங்களூர்த் தொம்மலூரிலும் வருகிறது. என் வாடகை அறைக்கு எதிர் மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து தினமும் வருகிறது. பல் தேய்த்துக்கொண்டே பார்க்கிறேன்.

ஆனால் எங்கள் டீம் லீடருக்கு மலை என்றால் பித்து. சேலத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், பிள்ளை குட்டிக்காரர். கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் எங்கள் ஆபீஸில், மாதக் கடைசியில் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் மானிட்டரின் ஓரத்தில் ஏதாவது ஒரு பாறையின் படத்தைத் திறந்து வைத்திருப்பார். இரண்டு தடவை அவர் கூப்பிட்ட மலைக்குப் போகாமல் தப்பித்தேன். முதல் தடவை காது வலி. அடுத்த தடவை சித்தப்பா மகள் கல்யாணம். கல்யாணம் உண்மைதான், தேதிதான் வேறு. மூன்றாவது தடவை என் பக்கத்து சீட்டுக்காரி என்னை மாட்டிவிட்டாள்.

"நீ வந்தா நான் வரேன். நீ வரலன்னா நானும் வரல. அப்புறம் சார் மூஞ்சிய நீயே பாத்துக்கோ" என்றாள். அவள் பெங்களூர் ஜீவனஹள்ளியில் பிறந்து, ஜீவனஹள்ளியிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். எதற்கும் அஞ்சாதவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள். பார்க்கிங்கில் வண்டியை இடிக்கிறவனைக் கன்னடத்தில் திட்ட ஆரம்பித்துத் தமிழில் முடித்து அனுப்பிவிடுவாள். அவளே ஆசைப்படுகிறாள், நாம் கெடுக்கக் கூடாது என்று தலையாட்டினேன். இதே வார்த்தையை அவள் டீமுக்குப் புதிதாக வந்திருந்த தஞ்சாவூர்ப் பெண்ணிடமும் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆக நாங்கள் மூன்று பெண்கள், சேலத்துக்காரர், அப்புறம் ஓசூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஓர் உயரமான இளைஞன். அவனுக்கு உற்சாகத்துக்குக் குறைவே இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான்.

அந்த குரூப்பில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. மேலே பாத்ரூம் இருக்கிறதா? தட்டச்சு செய்தேன், அழித்தேன். 'டாய்லெட்' என்று போட்டுப் பார்த்தேன், அது இன்னும் மோசமாகத் தெரிந்தது. கடைசியில், "அங்க வசதியெல்லாம் எப்படி சார்?" என்று கேட்டு அனுப்பினேன். பதில் அவர் குரலிலேயே வந்தது.

"அதெல்லாம் கவலையே படாதீங்க. டென்ட் இருக்குது, பாய் இருக்குது, தண்ணி கேன் முன்னாடியே மேல ஏத்தி வெச்சிருவாங்க. காத்து வரும் பாருங்க, ஏசியெல்லாம் அதுகிட்ட பிச்ச வாங்கணும். நீங்க ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி மட்டும் கொண்டாந்துருங்க, ஏர்றப்ப குடிக்க."

காற்று எனக்குப் பிரச்சினையே இல்லை. தண்ணீர்தான் பிரச்சினை.

எங்கள் ஊர் குடியாத்தம். சின்ன வயதில் வெளியூர் போகும் நாள் வந்தால் அம்மா காலையிலிருந்தே என் மேல் ஒரு கண் வைத்திருப்பாள். "பஸ்ல ஏறப் போற, தண்ணி குடிக்காத" என்பாள். ரொம்பக் கெஞ்சினால் டம்ளரின் அடியில் கொஞ்சம் ஊற்றி, "நாக்க நனச்சிக்க, போதும்" என்று பிடுங்கிக்கொள்வாள். தம்பி அதே பஸ்ஸில் பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டு வருவான். அவனுக்கென்ன, பஸ் நிற்கிற இடமெல்லாம் அவனுக்குச் சொந்தம். பள்ளிக்கூடத்துப் பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லாத கதவு. காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் முதல் வாய்த் தண்ணீர். இதையெல்லாம் நான் கஷ்டம் என்று நினைத்ததே இல்லை. எனக்கு இருக்கும் திறமைகளில் ஒன்று என்றுதான் நினைத்தேன்.

அந்தத் திறமை பெங்களூருக்கு வந்த பிறகு பழி வாங்கியது. ஒருநாள் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போதே குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன. முதுகின் இடது பக்கம், இடுப்புக்கு மேலே, உள்ளேயிருந்து யாரோ முழங்கையால் இடிப்பது மாதிரி வலி. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி, டிரிப் எல்லாம் ஏற்றினார்கள். சிறுநீரகம் வரை தொற்று ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. "தண்ணியே குடிக்கறதில்லையா?" என்று கேட்டார். மறந்துவிடுகிறேன் என்று பொய் சொன்னேன். "இன்னொரு தடவ இப்படி வர விட்டீங்கன்னா கிட்னி கெட்டுப்போகும். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது" என்றார். அதிலிருந்து என் மேஜையில் கோடு போட்ட பெரிய பாட்டில் ஒன்று நிற்கிறது. ஆபீஸில் பாத்ரூம் பத்தடி தூரம், அதனால் குடிக்கிறேன். பத்தடியைத் தாண்டினால் பழைய ஆள் வந்துவிடுகிறாள்.

மலைக்குக் கிளம்பும்போது அந்தக் கோடு போட்ட பாட்டிலை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டேன். அதில் எவ்வளவு குறைந்தது என்று யார் பார்த்தாலும் தெரியும். இரண்டு ஸ்டீல் பாட்டில்களை நிரப்பி எடுத்துக்கொண்டேன். ஸ்டீலுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சேலத்துக்காரர்தான் வண்டி ஓட்டினார். கனகபுரா சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். இதுதான் கடைசி பாத்ரூம் என்று எனக்குள் மணி அடித்தது. சாவியை பங்க் ஆபீஸில் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிப் போய்விட்டு வந்தேன். வண்டி கிளம்பப் போகும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை போனேன். ஜீவனஹள்ளிக்காரி, "நீ மறுபடியும் போறியா? சாவிய குடுக்காத, நானும் வரேன்" என்று கூடவே வந்தாள். தஞ்சாவூர்ப் பெண் எங்களுக்கும் முன்னால் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அதை நான் அப்போது கவனித்தும் கவனிக்கவில்லை. என் கவலை எனக்கு.

வண்டியில் பேச்சு குடும்பத்தைப் பற்றித் திரும்பியது. சேலத்துக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம வீட்டுக்காரங்கள எங்க வேணாலும் கூட்டிட்டுப் போலாங்க. சேலத்துல வண்டி ஏறுனாங்கன்னா பெங்களூர் வர்ற வரைக்கும் ஒரு வாய் தண்ணி கேக்க மாட்டாங்க. ஒட்டகம்தான். எனக்குத்தான் வழியெல்லாம் டீ வேணும், எளநி வேணும்."

எல்லோரும் சிரித்தோம். முகம் தெரியாத அந்த அம்மாளின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. சிலருக்கு உடம்பு அப்படி வாய்த்துவிடுகிறது, தாகமே எடுக்காத உடம்பு. நமக்கு நாக்கு காய்ந்து போகிறது, ஆனாலும் குடிக்க முடியாது.

அடிவாரத்தில் வனத்துறையின் அனுமதியோடு வழிகாட்டியாக ஓர் ஊர்க்காரர் காத்திருந்தார். போனில் பழைய கன்னடப் பாட்டு ஒன்றை ஓடவிட்டபடி முன்னால் நடந்தார். வெயில் சாய்ந்துவிட்டது என்றுதான் கிளம்பினோம், ஆனால் பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறை கீழேயிருந்து கக்கியது. ஜீவனஹள்ளிக்காரி ஒரு பெரிய கறுப்புக் குடையைப் பைக்குள் சொருகியிருந்தாள். மழை என்ற பேச்சே இல்லாத மாதம்.

"எதுக்கு மேடம் குடை, அங்க என்ன கல்யாண ஊர்வலமா?" என்று ஓசூர்க்காரன் கேட்டான்.

"வெயிலுக்கு" என்றாள். ஆனால் வெயிலில் அவள் அதை விரிக்கவே இல்லை.

சேலத்துக்காரருக்கு இரண்டு பழக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "தண்ணி குடிங்க, எல்லாரும் தண்ணி குடிங்க" என்பார். இன்னும் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், "இதோ வந்துருச்சு" என்பார். எப்போது கேட்டாலும் அதே பதில்தான். அடிவாரத்தில் முதல் மரத்தடியிலேயே சொல்லிவிட்டார், இதோ வந்துருச்சு என்று.

அவர் தண்ணீர் குடிக்கச் சொல்லும்போதெல்லாம் நான் பாட்டிலைத் திறந்து, தலையை அண்ணாந்து, வாயில் வைத்து எடுத்தேன். இதில் முக்கியம் தொண்டை. தொண்டை அசைய வேண்டும், பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொள்ள வேண்டும். துடைக்காவிட்டால் சந்தேகம் வரும். உதடு நனைந்ததும் உடம்பு முழுக்க, இன்னும், இன்னும் என்று கத்தியது. மூடியை இறுக்கித் திருகினேன். பக்கத்தில் தஞ்சாவூர்ப் பெண் தன் பிளாஸ்கை வாயிலிருந்து எடுத்து, நிதானமாகப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண், பயமில்லாமல் குடிக்கிறாள் என்று நினைத்தேன். இந்தத் தலைமுறை தேறிவிட்டது என்று ஒரு பெருமூச்சுகூட விட்டேன்.

பாதி வழியில் தலை விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் முதுகின் இடது பக்கத்தில், சரியாக அந்த இடத்தில், மெதுவாக ஓர் இடி. நின்றுவிட்டேன். வெயில் என்று சொல்லிக்கொண்டேன், பை அழுத்துகிறது என்று சொல்லிக்கொண்டேன். பையை வலது தோளுக்கு மாற்றினேன். வலி மாறவில்லை. எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. டாக்டரம்மா சொன்னது ஒவ்வொரு வார்த்தையாகக் காதில் விழுந்தது. இங்கே குளிர் காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள்? முதுகில் இரண்டு கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டு, தண்ணீர் இல்லாமல் சாகப் போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். குடித்துவிடலாமா என்று கை பாட்டில் வரை போனது. குடித்தால் ஒரு மணி நேரத்தில் முட்டும், முட்டினால் எங்கே போவது? கை திரும்பி வந்துவிட்டது.

"ஏ, மூஞ்சி இன்னா வெளுத்துப்போச்சு? தண்ணி குடி" என்றாள் ஜீவனஹள்ளிக்காரி.

"குடிச்சேன்" என்றேன். "நீ குடிச்சியா?"

"ஓ, நெறைய" என்றாள். அவள் உதடு தோல் உரிந்து வெடித்திருந்தது.

உச்சிக்கு வந்ததும் சேலத்துக்காரர் இரண்டு கைகளையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினார். "பாத்தீங்களா, நாலா பக்கமும் தெரியுது. ஒரு மறைப்பு இல்ல" என்றார்.

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வழித்துவிட்ட மாதிரி மொட்டைப் பாறை. ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை. ஒரே ஒரு கள்ளிச்செடி இருந்தது, அதுவும் என் முழங்கால் உயரத்துக்கு. அவருக்கு எது அழகோ அதுவே எனக்கு ஆபத்தாகத் தெரிந்தது. தூரத்தில் ஏரி மினுங்கியது, ஊர்களில் விளக்கு ஏற ஆரம்பித்திருந்தது. அழகாகத்தான் இருந்திருக்கும். நான் விடியும்வரை எப்படித் தாங்குவது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வழிகாட்டி டென்டுகளுக்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். "கோதி, சார், கோதி" என்றார். ஜீவனஹள்ளிக்காரி, "கொரங்கு" என்று எங்களுக்காகச் சொன்னாள். போய்ப் பார்த்தோம். மதியமே கொண்டுவந்து வைத்திருந்த தண்ணீர் கேன்களைக் குரங்குகள் கடித்து உருட்டிவிட்டிருந்தன. ஒரு கேனின் மூடியைக் காணவில்லை. பாறையில் தண்ணீர் ஓடிய தடம்கூடக் காய்ந்துபோயிருந்தது.

சேலத்துக்காரர் முதலில் சிரித்தார். பிறகு தன் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார், காலி. ஓசூர்க்காரன் மேலேதான் கேன் இருக்கிறதே என்று கடைசித் திருப்பத்தில் மிச்சத் தண்ணீரையெல்லாம் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான். இப்போது பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்தபடி குமட்டிக்கொண்டிருந்தான். ஏறும்போது ஓட்டமாக ஏறியவன், முகம் வெள்ளைத் துணி மாதிரி ஆகியிருந்தது. வழிகாட்டியிடம் கால் பாட்டில் இருந்தது. இருட்டில் இந்தப் பாறையில் இறங்க முடியாது, கீழே யானை நடமாட்டம் வேறு, விடிந்துதான் இனி எதுவும் என்று அவர் சொல்லிவிட்டார். சேலத்துக்காரரின் முகத்தைச் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை, சம்பளத் தேதியில் சர்வர் படுத்த அன்றுகூட சிரித்துக்கொண்டிருந்தவர்.

"யார்கிட்டயாவது கொஞ்சமாச்சும் தண்ணி மிச்சம் இருக்குதுங்களா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

இருக்கிறது என்று சொன்னால், ஏன் இருக்கிறது என்று கேட்பார்கள். மலை ஏறிய பிறகு இரண்டு பாட்டிலும் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் என்ன சொல்வது? அதற்குள் ஜீவனஹள்ளிக்காரி பையைத் திறந்து, ஒரு பாட்டிலைப் பாறை மேல் வைத்தாள். இன்னொன்றையும் வைத்தாள். இரண்டும் நிறைய. தஞ்சாவூர்ப் பெண் தலையைக் குனிந்தபடி பிளாஸ்கை எடுத்தாள். பிறகு துணிகளுக்கு அடியிலிருந்து கடையில் வாங்கிய ஒரு பெரிய பாட்டிலை உருவினாள். அதன் மூடியில் சீல்கூட உடையவில்லை. நான் என் இரண்டு ஸ்டீல் பாட்டில்களையும் எடுத்து அந்த வரிசையில் வைத்தேன். வைக்கும்போது உள்ளே தண்ணீர் ஆடவில்லை, அத்தனை நிறைவு.

சேலத்துக்காரர் கொஞ்ச நேரம் அந்தப் பாட்டில்களையே பார்த்தார். அப்புறம் முகமெல்லாம் பல்லானது. "என்ன ஒரு பிளானிங்குங்க. நாங்கெல்லாம் ஊத்திக் கொட்டிட்டு நிக்கறோம். லேடீஸ் லேடீஸ்தான். டேய், பாத்துக் கத்துக்கடா" என்று ஓசூர்க்காரனிடம் சொன்னார். ஒரு பாட்டிலைத் திறந்து, டம்ளரில் ஊற்றி, உப்பும் சர்க்கரையும் போட்டு, அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜீவனஹள்ளிக்காரியின் வெடித்த உதட்டைப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பெண்ணின் கண்கள் உள்ளே போயிருந்தன. புறங்கையால் அவ்வளவு நிதானமாக வாயைத் துடைத்தவள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்த்து அழுகையும் வந்தது, தடுக்க முடியவில்லை.

அந்தப் பாராட்டை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம், ஆபீஸில் ஆறு மாதம் பேசியிருப்பார்கள். ஜீவனஹள்ளிக்காரிதான் விடவில்லை.

"பிளானிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "குடிச்சா எங்க போறது? இங்க ஒரு செடியாச்சும் இருக்கா பாருங்க. அதான் மூணு பேரும் குடிக்கல. இவளப் பாருங்க, மொகம் செத்துப்போய் கெடக்குது. போன தடவ இதே மாதிரி பண்ணித்தான் ஆஸ்பத்திரில படுத்தா."

அவளுக்கு அது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. எல்லோரிடமும் வைரல் ஜுரம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

ஓசூர்க்காரன் குடிப்பதை நிறுத்திவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேலத்துக்காரர் கையிலிருந்த பாட்டிலை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல நீங்க குடிங்க" என்றார். "சோறு ஆக்காட்டியும் பரவால்ல. பிஸ்கட் இருக்குது. மூணு பேரும் குடிங்க."

பிறகு ஓசூர்க்காரனையும் வழிகாட்டியையும் கூட்டிக்கொண்டு பாறையின் அந்தக் கோடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாம், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தால் போதும் என்பதற்காகவோ என்னவோ, வழிகாட்டியின் பாட்டை உரக்க வைக்கச் சொல்லி, கூடவே மூவரும் பாடினார்கள். வரிகள் ஒருவருக்கும் தெரியவில்லை. ஓசூர்க்காரன் குமட்டலுக்கு நடுவிலும் பாடினான்.

நான் குடித்தேன். அந்த மாதிரி நான் அதுவரை தண்ணீர் குடித்ததில்லை. கழுத்தில் வழிந்தது, சட்டை நனைந்தது, மூச்சு விடாமல் பாதிப் பாட்டில் உள்ளே போனது. தஞ்சாவூர்ப் பெண் சீலை உடைத்தபோது வந்த சத்தத்துக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

"அக்கா, நான் நேத்து ராத்திரியிலேந்தே குடிக்கல" என்றாள் அவள். "நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு தண்ணி குடிக்கிறீங்களே, எப்படி தைரியமா குடிக்கிறீங்கன்னு பார்த்துக்கிட்டே வந்தேன்."

"நான் வந்ததே உனக்காகத்தாண்டி" என்றேன் ஜீவனஹள்ளிக்காரியிடம். "நீ ஆசப்பட்டியேன்னு."

"எனக்கு எங்க ஆச? சார்கிட்ட வேணாம்னு சொல்ல முடியாம, நீங்க ரெண்டு பேரும் வரலன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க சொல்லவே இல்ல."

முட்டிக்கொண்டு வந்தபோது குடையின் ரகசியம் வெளிப்பட்டது. பாறை கொஞ்சம் சரிந்து இறங்கும் இடத்தில் அவள் அந்தக் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தாள். இந்தப் பக்கம் தஞ்சாவூர்ப் பெண் போர்வையை விரித்துப் பிடித்தாள். "எங்க அம்மா சித்தூர் பக்கம் கோயிலுக்குப் போனா இத எடுக்காம போவாது" என்றாள் ஜீவனஹள்ளிக்காரி. "சின்ன வயசுல எனக்கு மானம் போவும். இப்ப என் பையில அதே குடை." முறை வைத்து மாறி மாறிப் பிடித்தோம். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நிம்மதிகளில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பயம் போய்விடவில்லை. படுத்த பிறகும் முதுகில் அந்த இடி இருந்துகொண்டுதான் இருந்தது. குளிர்ந்தால், இது காற்றின் குளிரா, காய்ச்சலின் குளிரா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். விழித்தபோதெல்லாம் கொஞ்சம் குடித்தேன். நான் எழுந்தபோதெல்லாம் கேட்காமலே ஒருத்தி குடையோடு எழுந்து வந்தாள்.

காலையில் சூரியன் வந்ததாம். எல்லோரும் கைதட்டிய சத்தம் கேட்டது. அந்த நேரம் நான் குடைக்குப் பின்னால் இருந்தேன்.

வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது, காய்ச்சல் இல்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் போய்விட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து இறங்கினேன். சேலத்துக்காரர் வழியில் ஒரு தடவைகூட, இதோ வந்துருச்சு என்று சொல்லவில்லை.

அடிவாரத்து டீக்கடையில் போனுக்கு உயிர் வந்தது. அவர் கொஞ்சம் தள்ளி நின்று வீட்டுக்குப் பேசினார். எங்களுக்கு அவர் பேசியது மட்டும் கேட்டது.

"எறங்கிட்டோம். எல்லாரும் சௌக்கியந்தான்... ஒண்ணு கேக்கறேன். நீ ஊருக்குப் போறப்ப வண்டில தண்ணியே குடிக்க மாட்டியே, ஏன்?... இல்ல, சும்மாதான். சொல்லு."

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"கல்யாணமான புதுசுல ஒரு தடவ வண்டிய நிறுத்தச் சொன்னாளாம்" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல். "நான் 'இதோ வந்துருச்சு'ன்னு சொன்னேனாம். சொல்லிட்டு ஓட்டிக்கிட்டே இருந்தேனாம். எனக்கு நெனப்பே இல்லீங்க. அதுக்கப்புறம் அவ குடிக்கறதே இல்லையாம்."

அவர் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் காசு கொடுக்க எழுந்தார்.

வண்டி கிளம்பியது. கடையில் நிரப்பிக்கொண்ட பாட்டில் என் மடியில் இருந்தது. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு மடக்குக்கும் மனசு அடித்துக்கொண்டது. ஊருக்குள் நுழைந்தால் டிராஃபிக், எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அம்மா பக்கத்தில் இருந்தால் கையிலிருந்து பிடுங்கியிருப்பாள். ஆனாலும் குடித்தேன்.

நினைத்தது மாதிரியேதான் ஆனது. கனகபுரா சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. முட்ட ஆரம்பித்தது. காலை மடக்கினேன், நீட்டினேன், வெளியே கடைப் பலகைகளைப் படித்தேன். பொறுத்துக்கொள்ளலாம், எனக்குத் தெரியாத பொறுமையா, வீடு அதிக தூரம் இல்லை. முன் சீட்டில் ஓசூர்க்காரன் இருந்தான். கண்ணாடியில் சேலத்துக்காரரின் கண்கள் தெரிந்தன. காது சுட்டது.

"சார், கொஞ்சம் நிறுத்துங்க. எனக்குப் பாத்ரூம் போகணும்" என்றேன்.

என் குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது. அவர் இண்டிகேட்டரைப் போட்டார். பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அதைப் பொருட்படுத்தாமல் வண்டியை ஓரம் கட்டினார்.